முப்பது குதிரையும் ஒரு வாய்தாவும்

என் நாத்தனார் முடி வெட்டுபவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் கண்ணாடி சட்டம் போடும் கடைக்கும் நடுவில் அவருடைய கடை. இரண்டு நாற்காலிகள். அதில் ஒன்று மேலே ஏறாது; அதில் உயரமானவர்களை மட்டும் உட்கார வைப்பார். என் கணவருக்கு மூத்தவர் என்பதால் நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது காரணம் கேட்டால், "வந்தவங்க எல்லாம் தலையைக் காட்டிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொள்வார்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அக்கா தன் படகை எடுத்துக்கொண்டு விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவுக்குப் போவார். அங்கே ஒரு முதியோர் இல்லம் உண்டு. அங்கிருப்பவர்களில் பலரால் படி இறங்கக்கூட முடியாது, பிறகு எங்கே கரைக்கு வந்து முடி வெட்டிக்கொள்வது? முன்பு யாரோ ஒரு பணியாளர் மிஷினை வைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். தன் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் போன அக்கா, வரிசையாக உட்கார்ந்திருந்த அந்தத் தலைகளைப் பார்த்துவிட்டு, "ராணுவத்துல சேரவா போறாங்க?" என்று கேட்டாராம். அன்று ஆரம்பித்தது.

படகு என் மாமனார் கட்டியது. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தவர், மாலை நேரங்களில் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பாய்மரப் படகைக் கட்டினார். பிள்ளைகள் இருவரும் கூடமாட உதவினார்கள். முடிவில் அக்காவுக்குக் கடல் பிடித்துப்போனது, தம்பிக்கு மரம் பிடித்துப்போனது. என் கணவர் தச்சர். படகில் கால் வைத்தாலே அவருக்குக் குமட்டும். அலையே இல்லாத நாளில்கூட முகம் வெளிறிவிடும். ஆனால் கரையில் நின்றுகொண்டு அந்தப் படகைப் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

காற்று இல்லாத நேரத்துக்காகவும் துறைக்குள் நுழைவதற்காகவும் படகில் ஒரு இன்ஜின் இருந்தது. உள் அறைக்கு இறங்கும் படிகளுக்கு அடியில், ஒரு மரப் பெட்டிக்குள். பத்துக் குதிரைச் சக்தி, ஒற்றை சிலிண்டர். ஓடும்போது யாரோ பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவதுபோல் சத்தம் வரும்.

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். வெட்டிய முடியைப் பெருக்குவது, துண்டு மாற்றுவது, யாருக்கு எந்தப் பக்கம் வகிடு என்று ஞாபகப்படுத்துவது எல்லாம் என் வேலை. சாயங்காலம் திரும்பும்போது துறைமுக வாய்க்கு அருகில் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. எங்கள் துறைமுக வாய் குறுகலானது. இரண்டு பக்கமும் கல்சுவர். நீர் வற்றும் நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் அந்தச் சந்து வழியாகத்தான் வெளியே ஓட வேண்டும். ஆறு மாதிரி ஓடும். அக்கா பாயைச் சுருட்டிவிட்டு இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கினார்.

படகு நகரவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பக்கத்துச் சுவரில் இருந்த பாசிக்கறை அதே இடத்தில் நின்றது. சுவர்மேல் ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்கு நேரெதிரே நின்றோம். ரொம்ப நேரம் நின்றோம். பார்க்காதது மாதிரி இருந்து பார்த்தவர், கடைசியில் மரியாதைக்குப் பேச ஆரம்பித்தார்.

"எங்கங்க போறீங்க?"

"உள்ளதான் போறோம்" என்றார் அக்கா.

"போற மாதிரி தெரியலையே."

"எங்களுக்கும் அதான் சந்தேகம்."

நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. ஒரு எச்சரிக்கை மணி கீச்சென்று கத்தியது. அப்புறம் அந்தக் கதவைத் தட்டும் சத்தம் நின்றுபோனது. தண்ணீர் எங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனது. பின்னால் சுவரின் முனை. அதன் காலடியில் பெரிய பெரிய பாறைகள்.

நான் பயந்தாங்கொள்ளி. கைப்பிடியை விடவே இல்லை. அக்கா சுக்கானை விட்டுவிட்டு முன்பக்கம் ஓடி நங்கூரத்தை இறக்கினார். அது அடியில் வழுக்கிக்கொண்டே வந்தது, கயிறு அதிர்ந்தது. பாறைகள் என் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தூரத்தில் எதிலோ சிக்கி நின்றது. "பிடிச்சுடுச்சு. உட்காரும்மா, நின்னு என்ன பண்ணப் போற?" என்றார். கயிற்றை இன்னும் ஒரு சுற்று சுற்றி இறுக்கிக் கட்டினார்.

தீவிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்த ஃபெர்ரி வேகத்தைக் குறைத்தது. அதன் கேப்டன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், கயிற்றை எறியச் சொன்னார். ஃபெர்ரியிலிருந்த பயணிகள் எல்லோரும் வேடிக்கை பார்க்க, நாங்கள் கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே இழுபட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அக்காவுக்கு நன்றி என்ற சொல் வாயில் வராது. "உட்காருங்க, தலையைக் காட்டுங்க" என்பார். அதுதான் அவர் நன்றி. மறுநாளே கத்தரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஃபெர்ரித் துறைக்குப் போனார். கேப்டனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். தலை பளபளவென்று இருந்தது. ஒரு முடி இல்லை.

"மனசு குளிர்ந்துடுச்சுங்க. ஆனா எதை வெட்டுவீங்க?" என்றார்.

அக்கா ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் கேப்டன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். நினைவு தவறிப்போனவர். முடி தோளுக்குக் கீழே தொங்குகிறது. கத்தரியைப் பார்த்தாலே கூச்சல் போடுகிறார், யாரையும் கிட்ட விடுவதில்லை.

அக்கா அந்த வீட்டுக்குப் போனார். முதல் தடவை பெட்டியைத் திறக்கவே இல்லை. அவரோடு உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை சீப்பால் மட்டும் வாரிவிட்டார். அதற்கும் அடுத்த தடவை, வாரிக்கொண்டே பேசிக்கொண்டே, அந்தப் பெரியவருக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக முடியைக் குறைத்துவிட்டார். வேலை முடிந்து கண்ணாடியைக் காட்டியபோது பெரியவர் தன்னையே பார்த்து, "இவன் யாரு, நல்ல பையனா இருக்கானே" என்றாராம்.

கேப்டன் அன்று அக்காவைத் தன் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் ஒரு இன்ஜின் இருந்தது. முப்பது குதிரைச் சக்தி, மூன்று சிலிண்டர். புயலில் உடைந்துபோன அவருடைய சின்ன விசைப்படகில் இருந்தது. அதிகம் ஓடாதது.

"எடுத்துட்டுப் போங்க. இது இங்க சும்மா கெடக்குது. நீங்க அந்த வாயில திண்டாடுறதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

அக்கா வேண்டாம் என்று எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். கேப்டன் விடவில்லை. "அப்போ எங்க அப்பாவுக்கு இருக்கிற வரைக்கும் முடி வெட்டுங்க. கணக்கு சரியாப் போச்சு" என்று முடித்துவிட்டார்.

இன்ஜின் கிடைத்துவிட்டது. சிக்கல் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்தது.

படகுத்துறையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று நட்டுகள் கலகலவென்று கிடப்பதால் அவரை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் படகை அளந்துவிட்டு வந்து, டீயைக் குடித்துக்கொண்டே விளக்கினார். புது இன்ஜின் பழையதைவிட நீளம், அகலம். அது உட்காரும் மரச்சட்டங்களை மாற்ற வேண்டும். புகைக்குழாய் பெரிதாக வேண்டும். இன்ஜின் பெட்டியும், மேலே இருக்கும் படிகளும் இடிக்கும்; வெட்டியே ஆக வேண்டும்.

"படியை வெட்டணுமா?" என்றார் என் கணவர்.

"ஆமாங்க. வேற வழியில்ல."

"அது அப்பா செஞ்சது. அதுல நாலாவது படி நான் செஞ்சது. அப்போ எனக்கு உளி பிடிக்கவே சரியாத் தெரியாது. வெட்டக் கூடாது."

"தம்பி, படி மட்டும்தானேடா" என்றார் அக்கா.

"படி மட்டும்தானா? இன்னைக்குப் படி, நாளைக்குப் பாய்மரத்தையும் எடுத்துடு. பாய்மரப் படகுக்கு லாரி இன்ஜின் எதுக்கு? அப்பா இருந்தா ஒத்துக்குவாரா?"

நான் குறுக்கே பேசினேன். "பாறைகிட்ட போய் நின்னது நாங்க. நீங்க இல்ல."

என் கணவர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். நட்டு மீதி டீயைக் குடித்துவிட்டு, "மரத்துல வேலை செய்யறவங்க கோபம் மெதுவாத்தான் காயும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அக்கா தம்பியை வற்புறுத்தவில்லை. வேறு தச்சரைக் கூப்பிடவும் இல்லை. "அவன் கைபட்டதை அவன்தான் வெட்டணும். இல்லேன்னா வேண்டாம்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்த மாதம் அக்கா தீவுக்கு ஃபெர்ரியில் போனார். எனக்குக் காய்ச்சல். பெட்டியையும் மடக்கு நாற்காலியையும் தூக்க ஆள் வேண்டுமே என்று என் கணவர் கூடப் போனார். ஃபெர்ரி பெரியது, அவ்வளவாக ஆடாது. அப்படியும் கையில் ஒரு பையை வைத்துக்கொண்டுதான் ஏறினார். நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஃபெர்ரி தீவில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அக்கா ஓட்டமும் நடையுமாக இல்லத்துக்குப் போய் வேலையைத் தொடங்கினார். வழக்கமாக ஒவ்வொருவரோடும் பேசி, அவர்கள் சொல்லும் கதையைக் கேட்டு, காதோரத்தை இரண்டு முறை சரிபார்த்து வெட்டுபவர், அன்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். அப்படியும் பாதிப்பேருக்கு மேல் மீதி இருந்தார்கள். கடைசியாக நாற்காலியில் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வெள்ளை வெளேரென்ற அடர்த்தியான முடி உள்ள அம்மா. இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் தொடங்குவதற்குள் ஃபெர்ரி ஊதிவிட்டது.

அக்கா கத்தரியோடு அப்படியே நின்றாராம். நீதிபதி கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். ஒரு பக்கம் காதளவு, மறுபக்கம் தோளளவு.

"சரி, வாய்தா போட்டாச்சு" என்றார்.

"அம்மா, நான் ஃபெர்ரியை நிக்கச் சொல்றேன்..."

"வேண்டாம். எத்தனையோ பேருக்கு நான் வாய்தா குடுத்திருக்கேன். அவங்க எல்லாம் எப்படித் திரும்பிப் போயிருப்பாங்கன்னு இப்பத்தான் தெரியுது. நீ கிளம்பு. அடுத்த மாசம் மீதி விசாரணை."

வரிசையில் காத்திருந்த ஒருவர் தன் துண்டை மடித்து அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். முடி வெட்டிக்கொள்ளவென்று காலையிலேயே சட்டை மாற்றி, முகச்சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்.

திரும்பும் வழியில் என் கணவர் தலையைக் குனிந்து கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தாராம். குமட்டலோ என்று அக்கா நினைத்தார். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை பட்டறையிலிருந்து சின்ன ரம்பத்தையும் உளிகளையும் எடுத்துத் துணியில் சுற்றினார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"படியை வெட்ட" என்றார். அவ்வளவுதான்.

வேலை சில வாரங்கள் நடந்தது. படகு துறையில் கட்டியிருந்தாலும் ஆடத்தானே செய்யும்? என் கணவர் வாயில் இஞ்சித் துண்டை ஒதுக்கிக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு வேலை செய்தார். அடிக்கடி மேலே ஏறி வந்து கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார், மறுபடி இறங்குவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு வேலைக்காக இவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தடவைகூட முணுமுணுக்கவும் இல்லை. படிகளை அவர் தூக்கி எறியவில்லை. பக்கவாட்டில் வெட்டி, உயரம் மாற்றி, அதே பலகைகளை வைத்தே புதுப் படிகளைச் செய்தார். அகலமான மரச்சட்டங்களை அடிக்கட்டையோடு சேர்த்து இறுக்கினார்.

பழைய இன்ஜினைத் தூக்குவது பெரிய பாடு. கிரேன் வருவதற்குத் துறையில் இடமில்லை. நட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். பாயின் அடியைத் தாங்கும் குறுக்குக் கட்டையை நேராக அறை வாசலுக்கு மேலே கொண்டுவந்து, கயிறுகளால் முட்டுக் கொடுத்து, அதில் செயின் கப்பியை மாட்டினார். சங்கிலியை இழுக்க இழுக்க, இன்ஜின் குழந்தையைத் தூளியிலிருந்து எடுப்பதுபோல் அங்குலம் அங்குலமாக மேலே வந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் கூப்பிடாமலே வந்து கை கொடுத்தார்கள். சைக்கிள் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். புது இன்ஜின் இறங்கும்போது என் கணவர் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது அவர் செய்த சட்டத்தில் அசையாமல் போய் உட்கார்ந்தது. நட்டு மெல்லிய தகட்டைச் செருகி, இன்ஜினும் விசிறித் தண்டும் சேரும் இடைவெளியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என் கணவரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு பேரும் அன்றிலிருந்து சிநேகிதர்கள்.

முதல் ஓட்டம் சரியாக வரவில்லை. இன்ஜின் திணறியது, முழு வேகத்தைத் தொடவே மாட்டேன் என்றது, பின்னால் கறுப்புப் புகை. என் முகம் தொங்கிப்போனது. இத்தனை பேர் பாடுபட்டது வீணா? நட்டு இன்ஜினை நிறுத்திவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"இன்ஜின்ல குறையில்ல. நான்தான் ஆசைப்பட்டுட்டேன். பெரிய இன்ஜினாச்சேன்னு அடியில தண்ணியைத் தள்ளுற விசிறியை அளவுக்கு மேல பெருசாப் போட்டுட்டேன். அதைச் சுத்த முடியாம மூச்சு வாங்குது."

படகைக் கரையேற்றி, விசிறியைக் கழற்றி, லேத் பட்டறையில் கொடுத்து இதழ்களைக் குறைத்துக்கொண்டு வந்து மாட்டினார். அடுத்த தடவை வேண்டுமென்றே நீர் வேகமாக வற்றும் நேரமாகப் பார்த்து, வெளியே போய் வாய்க்குள் திரும்பினோம். அக்கா சுக்கானில். நான் கைப்பிடியில். என் கணவர் வாளியோடு. நட்டு இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில். இன்ஜின் சத்தம் கூடியது. இந்த முறை கதவைத் தட்டும் சத்தமில்லை, ஒரே சீரான முழக்கம். சுவரில் இருந்த பாசிக்கறை ஒன்று மெதுவாகப் பின்னால் போனது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சுவரே பின்னால் போய்விட்டது.

"இவ்வளவுதான் வேகமா? பறக்கும்னு நெனச்சேன்" என்றார் என் கணவர், வெளிறிய முகத்தோடு.

"படகோட நீளத்துக்குன்னு ஒரு வேகம் இருக்குங்க. நூறு குதிரை கட்டினாலும் அதைத் தாண்டாது. ஆனா இனிமே யாரும் இதைப் பின்னால தள்ள முடியாது" என்றார் நட்டு.

அக்கா துறைக்குள் வந்ததும் இன்ஜினை நிறுத்தினார், சுக்கானைக் கட்டினார், பிறகு தம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தலையில் கையை வைத்தார். முடியைப் பார்ப்பதுபோல் விரலால் அளைந்தார். "வளர்ந்துடுச்சுடா. நாளைக்குக் கடைக்கு வா" என்றார். என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேருமே தீவுக்குப் போனோம். நீதிபதி மீதி முடியை வேறு யாரையும் தொட விடவில்லையாம். பார்க்க வந்த மகள் கெஞ்சியும், "வழக்கு நிலுவையில இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். அக்கா அவரைத்தான் முதலில் உட்கார வைத்தார். அன்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் கல்யாணக் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்தார். அக்கா அதுவரை காதோரத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தார். துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தவருக்கு முடியோடு மீசையும் திருத்தப்பட்டது.

வேலை முடிந்ததும் எல்லோருக்கும் இன்ஜினைப் பார்க்க வேண்டும். பணியாளர்கள் சக்கர நாற்காலிகளைப் படகுத்துறை வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். என் கணவர் பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்ட, புதுசாக வெட்டிய தலைகள் எல்லாம் வரிசையாகக் குனிந்து பார்த்தன. நீதிபதி படிகளைத்தான் உற்றுப் பார்த்தார். பலகைகளில் பழைய நிறமும் புது வெட்டும் அருகருகே தெரிந்தன.

"இதைச் செஞ்சது நீங்களா?"

"ஆமாங்கம்மா. பழசை வெட்டித்தான் செஞ்சேன்."

"எங்களுக்காகவா?"

என் கணவர் தலையை ஆட்டினார். அந்த அம்மா அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

பழைய இன்ஜினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பழைய இரும்புக்குப் போட அக்காவுக்கு மனசு வரவில்லை. நட்டு அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, சூடேறியதற்குக் காரணமான அடைப்பை எடுத்து, மறுபடி ஓட வைத்தார். துறையில் ஒரு கணவனும் மனைவியும் சின்னப் படகில் துடுப்புப் போட்டுச் சிப்பி எடுக்கப் போவார்கள். அக்கா அதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். எங்களுக்குப் போதாத பத்துக் குதிரை, அந்தச் சின்னப் படகுக்குப் பெரிய யானை பலம். அதை ஏற்றிக்கொண்டு போன அன்று அக்கா கரையில் நின்று அதன் மேல்மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "எத்தனை வருஷம் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்ட. நல்லா இரு" என்றார். அந்தப் பெண், அக்கா தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்து, "நீங்களும் நல்லா இருக்கணும் அக்கா" என்றாள்.

அக்கா திருத்தவில்லை. "உட்காரும்மா, தலையைக் காட்டு" என்றார்.